அந்தப் பெண்ணின் கோபத்தைக் குணப்படுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலகம் அழிந்த பிறகு நடக்கும் நாவல்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வயசுப் பெண்கள் இந்த வகை நாவல்களை விழுந்து விழுந்து படிக்கிறார்கள், அதில் வரும் நாயகிகள் எல்லாரும் முரட்டுப் பெண்கள், அம்மாவை எடுத்தெறிந்து பேசுகிறவர்கள், யாரையும் நம்பாதவர்கள், தூக்கத்தில் அலறுகிறவர்கள், இதையெல்லாம் படித்தால் நம் பிள்ளைகளின் மனசு இருண்டுபோகும், போதாக்குறைக்கு இது நம் மண்ணுக்கு ஒட்டாத சரக்கு என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையில்தான் எழுதியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் சொன்னதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் இராமநாதபுரம் கடற்கரையில், மண்டபத்துக்குப் பக்கத்தில் ஊர்ப்புற நூலகராக இருக்கிறேன். சாயங்காலம் நூலகத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள். அவர்களோடு உட்கார்ந்து இந்தக் கதைகளைப் பேசியவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், முடிந்தவரை வெட்டாமல் போடுங்கள்.

எந்தப் புத்தகம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சூசன் காலின்ஸ் 2008-ல் எழுதிய 'த ஹங்கர் கேம்ஸ்'. நன்கொடையாக வந்த புத்தகக் கட்டில் இருந்தது. ஆங்கிலம் என்பதால் பிள்ளைகள் அட்டையைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள், அதனால் நானே தினம் கொஞ்சம் படித்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். வறட்சி, புயல், தீ, நிலத்தை விழுங்கிய கடல், மிச்சம் மீதி இருந்த உணவுக்காக நடந்த போர், இத்தனைக்கும் பிறகு வட அமெரிக்கா இருந்த இடத்தில் மிஞ்சிய நாடுதான் பானெம். ஒரு தலைநகரம், அதற்கு உழைத்துக் கொட்டுகிற 12 மாவட்டங்கள். முன்னொரு காலத்தில் மாவட்டங்கள் கலகம் செய்ததற்குத் தண்டனையாக, வருஷா வருஷம் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் 12 வயதிலிருந்து 18 வயதுக்குள் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அந்த 24 பேரையும் ஓர் அரங்கத்துக்குள் விட்டு ஒருவரையொருவர் கொல்ல வைத்து, அதை நாடு முழுக்க டிவியில் காட்டுவார்கள். நாயகி காட்னிஸுக்கு 16 வயது. 12 வயதுத் தங்கையின் பெயர் சீட்டில் வந்ததும் அவளுக்குப் பதிலாகத் தானே முன்வந்து போகிறாள்.

கொலை விளையாட்டைக் கேட்டுப் பிள்ளைகள் மிரண்டுபோவார்கள் என்று கட்டுரையாளர் நினைக்கிறார். எங்கள் பிள்ளைகள் பிடித்துக்கொண்டது வேறொரு இடத்தை. அந்த நாட்டில் ஏழைகளுக்கென்று ஓர் ஏற்பாடு உண்டு. குலுக்கலில் உன் பெயரைக் கூடுதலாக ஒரு தடவை எழுதிப் போட்டால், ஓர் ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு அரை வயிற்றுக்குக் காணும் தானியமும் எண்ணெயும் தருவார்கள். வீட்டில் எத்தனை தலையோ அத்தனை தடவை எழுதிக்கொள்ளலாம். அந்தச் சீட்டுகள் வருஷம் முடிந்ததும் கழிந்துபோகாது, மேலே மேலே சேர்ந்துகொண்டே வரும். காட்னிஸின் பெயர் 20 சீட்டில் கிடக்கிறது. இதைச் சொன்னதும் ஒரு பிள்ளை, "அப்ப ரேசன் கார்டுல எத்தன பேரோ அத்தன சீட்டாக்கா?" என்றாள். இன்னொருத்தி, காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை சீட்டு என்று கேட்டாள். அவர்களுக்கு வயதுக்கு உண்டானது மட்டும்தான், கூடுதல் எதுவும் கிடையாது என்றேன். அவ்வளவுதான், எல்லாரும் அவரவர் வீட்டு ஆள்களை விரல் விட்டு எண்ணித் தங்களுக்கு எத்தனை சீட்டு வரும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டி இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று கூடியது. "பரவால்ல, எங்க அப்பாயிக்கு நான் போட்டுக்கிருவேன்" என்றாள் அவள். ஓர் அரசாங்கம் பசியை வைத்து எப்படி வேலை வாங்கும் என்பதை இந்தப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியே இருக்கவில்லை. மனசு இருண்டுபோன அடையாளம் எதையும் அன்று நான் பார்க்கவில்லை.

இன்னொரு நாள் நாலாவது மாவட்டம் வந்தது. அது மீன்பிடி மாவட்டம். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு ரொட்டி உண்டு, நாலாவது மாவட்டத்து ரொட்டி மீன் வடிவத்தில், கடற்பாசி சேர்ந்து பச்சை நிறமாக இருக்கும் என்று போகிற போக்கில் ஒரு வரி வரும். பாசி என்ற பேச்சை எடுத்ததுமே, "என்ன பாசிக்கா, மரிக்கொழுந்தா, கட்டக்கோரையா?" என்று கேள்வி வந்தது. இவர்களில் பலருடைய அம்மாக்கள் பாசி எடுக்கப் போகிறவர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கருக்கலிலேயே கிளம்பி வள்ளத்தில் போவார்கள். முகத்தில் கண்ணாடியை மாட்டி, பழைய துணியைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிக் கட்டி, இடுப்பில் வலைப் பையோடு முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியை மூச்சு முட்டுகிற வரைக்கும் கையால் பிய்த்து எடுத்து மேலே வருவார்கள். துணி சுற்றினாலும் விரல் கிழியாமல் இருப்பதில்லை. கிழிந்த இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டபடியே அடுத்த முங்கல். அந்தப் பாசியைக் காயப் போட்டு எடை போட்டு ஏவாரிக்குக் கொடுப்பார்கள், மரிக்கொழுந்துப் பாசி என்றால் அகர் என்ற ஜெல்லி செய்யப் போய்விடும். ஆகவே அந்த ரொட்டியைப் பற்றி அவர்கள் கேட்ட அடுத்த கேள்வி, "அங்கயும் பாசி எடுக்குறது பொம்பளைகதானா?" என்பதுதான். நாவலில் அது இல்லை. எத்தனையோ கெட்டிக்காரத்தனமான கேள்விகளை எழுத்தாளர்களும் விமர்சகர்களும் அந்தப் புத்தகத்தைப் பார்த்துக் கேட்டிருப்பார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட முக்கியமான கேள்வி இல்லை.

அப்புறம் அந்த அம்மா விஷயம். கட்டுரையாளருக்கு அதிகம் உறுத்தியது இதுதான் என்று தெரிகிறது, பெற்ற தாயிடம் இவ்வளவு வன்மமா என்று கேட்டிருக்கிறார். காட்னிஸுக்கு 11 வயதாகும்போது அவளுடைய அப்பா நிலக்கரிச் சுரங்க வெடி விபத்தில் சாகிறார். அம்மா அப்படியே உறைந்துபோய்விடுகிறாள். பேச்சு இல்லை, அடுப்பு மூட்டவில்லை, இரண்டு பெண் பிள்ளைகளும் கண்ணெதிரே மெலிந்துகொண்டு போவது அவளுக்கு உறைக்கவில்லை. அந்தப் 11 வயதுப் பிள்ளைதான் வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் போய், சட்டத்துக்குப் புறம்பாக வேட்டையாடி வீட்டைக் காப்பாற்றுகிறது. அம்மா பிறகு எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டாலும் மகளால் அவளை மன்னிக்க முடிவதில்லை. இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. ஊரில் அவளுக்கு அடங்காப்பிடாரி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் சண்டை, வீட்டில் சண்டை, நூலகத்திலும் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துத்தான் உட்காருவாள். எல்லாரும் போன பிறகு வந்து, "அந்த அம்மா எந்திரிச்ச பெறகும் அவ மன்னிக்கலையாக்கா?" என்று கேட்டாள். முழுசாக மன்னிக்கவில்லை என்றேன். கொஞ்ச நேரம் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, "மன்னிக்காமலே கஞ்சி வச்சுக் குடுக்கலாம்ல" என்றாள். அதற்குப் பிறகு அவள் வீட்டில் நடப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் சொல்ல ஆரம்பித்தாள். அதை இங்கே எழுத மாட்டேன்.

இந்தப் பிள்ளைக்கு நல்லொழுக்கக் கதை கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தாயை மதிக்கும் தங்கமான மகளைப் பற்றிப் படித்துவிட்டு, தான் கெட்டவள் என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போயிருப்பாள். நாவல் முடிவதற்குள் நாயகி மனம் திருந்தி, சிரித்த முகமாக, எல்லாரையும் அரவணைத்துப் போகிறவளாக மாறிவிட வேண்டும் என்று கட்டுரையாளர் எதிர்பார்க்கிறார். நான் கெஞ்சிக் கேட்பதே அது வேண்டாம் என்றுதான். அவள் வளர்ந்த உலகம் அப்படி, அவளுக்குக் கோபம் வருவதில் என்ன தப்பு? காட்னிஸின் கதை மூன்று புத்தகமாக வந்தது. மூன்றாவது புத்தகத்தின் கடைசியில், போர் எல்லாம் முடிந்து வருஷங்கள் போய், அவளுக்கே இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் கெட்ட கனவுகள் அவளை விடுவதில்லை. கட்டுரையாளர் அதை ஒரு குறையாகச் சொல்கிறார். மூன்று புத்தகத்திலும் நான் அதிகம் மதிப்பது அந்தப் பக்கங்களைத்தான். கடலில் அப்பாவையோ அண்ணனையோ பறிகொடுத்த வீட்டில், காற்றுச் சத்தத்துக்கு நடுராத்திரியில் எழுந்து உட்காரும் மனிதர்களைப் பார்த்தவர்களுக்கு அது உண்மை என்று தெரியும்.

பயமுறுத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆக்டேவியா பட்லர் 1993-ல் 'பேரபிள் ஆஃப் த சோவர்' என்ற நாவலை எழுதினார். கதை தொடங்கும் வருஷம் 2024, இடம் கலிஃபோர்னியா. மழை அபூர்வம், தண்ணீரின் விலை பெட்ரோலைப் போலப் பல மடங்கு. மதில் சுவர் கட்டி உள்ளே ஒடுங்கியிருக்கும் ஒரு தெருவில் லாரன் என்ற 15 வயதுப் பெண் இருக்கிறாள். அடுத்தவருக்கு அடிபடுவதைக் கண்ணால் பார்த்தாலே அந்த வலி தன் உடம்பில் வலிக்கும், பிறவியிலேயே அவளுக்கு அப்படி. சுவர் ரொம்ப நாளைக்கு நிற்காது என்று அவளுக்குத் தெரிகிறது. எதைச் சாப்பிட்டு உயிர் வாழலாம், ஓட வேண்டி வந்தால் கையில் எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தேடித் தேடிப் படிக்கிறாள். சிநேகிதியிடம் அதைச் சொன்னால், அவள் பயந்துபோய்த் தன் வீட்டில் சொல்லிவிட, லாரனுக்கு அப்பாவிடம் திட்டு விழுகிறது. ஊரைப் பயமுறுத்தாதே, தெரிந்ததைச் சொல்லிக் கொடு என்பதுதான் அவர் பேச்சின் சாரம். கடைசியில் சுவர் விழத்தான் செய்கிறது, தயாராக இருந்தவள் அவள் ஒருத்திதான். எங்கள் கடற்கரையில் பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்பது சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கூண்டு ஏற்றியதைப் பிள்ளைகளிடம் மறைக்கிற பெற்றோர் இங்கே கிடையாது.

சரி, மண்ணுக்கு ஒட்டாது என்கிற பேச்சுக்கு வருகிறேன், இதுதான் எனக்குத் தாங்கவில்லை. சாத்தனார் எழுதிய மணிமேகலை யார்? பாட்டி சித்திராபதி தன் தொழிலுக்கு இழுக்கிறாள், இளவரசன் விடாமல் துரத்துகிறான், அவன் செத்ததும் அரசி அவளைச் சிறையில் போட்டுப் பித்துப்பிடிக்க வைக்கப் பார்க்கிறாள். பிறந்து வளர்ந்த புகார் நகரத்தைக் கடல் கொண்டுபோகிறது. காஞ்சியில் பஞ்சம், அங்கே அமுதசுரபியோடு போய்ச் சோறு போடுகிறாள். சிறைக்கூடத்தை அறக்கூடமாக மாற்று என்று அரசனிடம் நேருக்கு நேராகக் கேட்கிறாள். கல்யாணம் கிடையாது, யாரையும் அண்டி வாழ்வதும் கிடையாது. ஊர் அழிந்த பிறகு பசியோடு அலைகிறவர்களுக்கு நடுவில் ஓர் இளம்பெண் என்ற இந்தக் கதையைத் தமிழில் ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றாக வைத்திருக்கிறோம். அப்படியிருக்க இது வெளியூர்ச் சரக்கு என்று ஒருவர் எழுத, அதை நீங்கள் அச்சிட்டிருக்கிறீர்கள்.

உலகம் அழிந்த பிறகு என்று அவர்கள் கற்பனை செய்து எழுதுகிற இடம் எங்களுக்குப் பஸ் போகிற தூரத்தில் இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி போயிற்று. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில், உள்ளே இருந்தவர்களோடு கடலுக்குப் போயிற்று. அதுவரைக்கும் ரயில் வந்து நின்று, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போன ஊர் அது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. வெளியூர்க்காரர்கள் வந்து இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் அந்த அறிவிப்புக்குப் பிறகும் மீனவக் குடும்பங்கள் அங்கே இருக்கத்தான் செய்கின்றன. கடலுக்கு எட்டும் தூரத்தில் மணலைக் கையால் தோண்டி, ஊற்று கசிந்து தெளியும் வரை காத்திருந்து, சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர், நடுவில் அந்தக் குழியில் நல்ல தண்ணீர். ஆழமாகத் தோண்டிவிட்டால் உப்பு ஏறிவிடும், எவ்வளவு தோண்ட வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். அழிவுக்குப் பிறகு வாழ்வது எப்படி என்று நாவல் எழுத நினைக்கிற யாரும் முதலில் அந்தக் குழிக்குப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

இன்னும் எவ்வளவோ இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம், அதில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இப்போது தண்ணீருக்குள். பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் வந்த வினை. கரையை விட்டு ஊர்ப்பக்கம் உள்ளே போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் சீமைக்கருவேலம், அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள். மண்டபத்தில் இலங்கைத் தமிழர் முகாம். போருக்குத் தப்பி வந்தவர்களின் பேத்திகள் அங்கே வளர்ந்து வருகிறார்கள். 2022-ல் இலங்கையில் சோற்றுக்கே வழியில்லாமல் போனபோது, கைப்பிள்ளையோடு படகேறி வந்தவர்களை தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைக்கு அப்பால் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். நடுக்கடலில் ஒரு திட்டில், யார் வந்து கூட்டிப்போவார்கள் என்று தெரியாமல் நின்ற ஒரு 15 வயதுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளுக்கு அம்மா மேல் கோபம் இருக்கும், படகுக்காரன் மேல் இருக்கும், கடல் மேலும் இருக்கும். அவள்தான் நான் கேட்கிற நாவலின் நாயகி.

இந்த வகையில் வருகிற எல்லாமே உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. 'த ஹங்கர் கேம்ஸ்' விற்றதைப் பார்த்துவிட்டு அச்சில் வார்த்த மாதிரி வந்தவை ஏராளம். நாயகிக்கு யாருக்கும் இல்லாத ஒரு சக்தி, அவளுக்காக உருகும் இரண்டு பையன்கள், ஊரே பட்டினி கிடந்தாலும் கலையாத தலைமுடி. யார் சமைத்தார்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரி இருக்காது. இவற்றைப் பிள்ளைகள் கையில் நானும் கொடுக்க மாட்டேன். தமிழில் எழுதுகிறவர்களும் அந்த வழியில் போனால் எழுதாமலே இருக்கலாம். படகு யாருடையது, டீசல் தீர்ந்த பிறகு விசைப்படகு என்ன ஆகும், வலை கிழிந்தால் நூல் எங்கே, மாதவிலக்கு நாளில் அந்தப் பெண் என்ன செய்கிறாள், பிடித்த மீன் மிஞ்சினால் கருவாடு போட உப்பு யாரிடம் இருக்கிறது, இதையெல்லாம் தெரிந்துகொண்டு எழுத வேண்டும். வெறும் புகைமண்டலமும் இடிந்த கட்டடமும் போதாது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, ஞாயிறு இணைப்பில் ஒரு தொடர்கதைக்கு இடம் ஒதுக்குங்கள். இந்தக் கடற்கரையில் நடக்கிற, உலகம் முடிந்த பிறகு நடக்கிற, ஒரு பெண் பிள்ளையின் கதை. எழுதத் தெரிந்த நாலு பேரிடம் கேட்பதோடு நிறுத்தாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் எழுதி அனுப்பலாம் என்று அறிவித்துவிடுங்கள். கணினியில் அடித்து மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டும் என்று போட்டால் எங்கள் பிள்ளைகளால் முடியாது, நோட்டில் கையால் எழுதியதையும் வாங்கிக்கொள்ளுங்கள். இராமநாதபுரத்துப் பேச்சு வழக்கில் எழுதியதைப் பொதுத் தமிழுக்கு மாற்றிவிட வேண்டாம். முடிவு நன்றாக இருக்க வேண்டும், நீதி இருக்க வேண்டும் என்று விதிமுறையில் சேர்க்காதீர்கள். இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எழுதுவதை நூலகத்தில் வாங்கி வைத்து மொத்தமாகத் தபாலில் அனுப்பும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். கடைசித் தேதியை மட்டும் காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு வருகிற மாதிரி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஊர்ப்புற நூலகர்,
மண்டபம் வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்.